97 பங்கு தண்ணீர்: ஆய்வு செய்யும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் அறிவியல் மாநாடு நெருங்கினால் என் மேசையில் ஆய்வு நோட்டுகள் குவியும். பாலக்கோடு பக்கத்தில் அறிவியல் வாத்தியார் நான். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தக்காளி நாற்றுத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்று முழங்கால் உயரம், இன்னொன்று சாண் உயரம்.

"சார், பஞ்சகவ்யம் ஊத்துனது ரெண்டு மடங்கு சார்!"

"ஊத்தாத தொட்டிக்கு என்னம்மா ஊத்துனீங்க?"

"ஒண்ணும் ஊத்தல சார். அதான் சார் கன்ட்ரோல்."

எனக்குச் சுருக்கென்றது. அதே தப்பைப் பல வருடம் முன்பு நானும் செய்திருக்கிறேன், அதை நம்பி ஒருவர் நஷ்டமும் பட்டார்.

நோக்கம் எழுத மறப்பது, அலகு போடாமல் விடுவது, வரைபடத்துக்குத் தலைப்பு இல்லாதது, இதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை எந்த வாத்தியாரும் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். சுழிக்கப்படாமல் தப்பிப்போகிற தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

ஒப்பீடு மாதிரித் தெரிகிற ஒப்பீடு

ஒப்பீடே இல்லாத ஆய்வை யாரும் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு தொட்டி வைத்து, இரண்டையும் அளந்து, அட்டவணையும் போட்ட ஆய்வுதான் ஆளைக் கவிழ்க்கும்.

எங்கள் நிலத்தில் தக்காளி வைத்திருந்தேன். பங்குனி வெயில். போர் தண்ணி குறைந்துபோய் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் பாய்ச்ச முடிந்தது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் போட்டு, வெல்லமும் வாழைப்பழமும் சேர்த்து, வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டத் திட்ட ஒரு டிரம் பஞ்சகவ்யம் தயாரித்தேன். சிபாரிசு 3 சதவீதம். பத்து லிட்டர் வாளியில் 300 மில்லி ஊற்றி, மீதிக்குத் தண்ணீர். வரிசைக்குப் பத்துச் செடி, செடிக்கு ஒரு லிட்டர், வாரம் இரண்டு முறை. பக்கத்து வரிசைக்கு ஒன்றும் ஊற்றவில்லை. அதுதான் கன்ட்ரோல் என்று நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

ஒரு மாதத்தில் முதல் வரிசை கருகருவென்று நின்றது. இரண்டாவது வரிசை வதங்கி மண்ணைப் பார்த்தது.

என் மச்சினன் வந்து பார்த்தான். "மாமா, இதை மட்டும் ஊத்துனா போதுமா?" என்று கேட்டான். "போதும்" என்றேன். அந்த ஒரு சொல் இன்றைக்கும் உறுத்துகிறது. அடுத்த பட்டத்தில் ஒன்றரை ஏக்கருக்கும் மேலுரத்தை நிறுத்திவிட்டு, என் நோட்டை நம்பி பஞ்சகவ்யத்தை மட்டும் கொடுத்தான். அவன் கிணற்றில் தண்ணீருக்குக் குறையே இல்லை. செடி வெளுத்தது, காய் சிறுத்தது, வழக்கமாக வரும் பெட்டியில் பாதிகூட வரவில்லை. அந்த வாரம் மண்டியில் தக்காளிக்கு நல்ல விலை வேறு.

எங்கே தப்பு என்று எனக்கு விளங்கவே நாளானது. ஒருநாள் வாளியைக் கழுவும்போதுதான் உறைத்தது. பத்து லிட்டரில் 9.7 லிட்டர் தண்ணீர். காய்ந்து கிடந்த நிலத்தில் ஒரு வரிசைக்கு வாரம் ஏறக்குறைய இருபது லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது பிழைத்ததற்கு மாட்டைக் கும்பிட்டிருக்கிறேன்! நான் மாற்றியதாக நினைத்தது ஒன்று. உண்மையில் மாறியது இரண்டு.

கன்ட்ரோல் என்றால் சும்மா விடப்பட்டது என்று அர்த்தமில்லை. சோதிக்கிற பொருள் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாகக் கிடைத்ததுதான் கன்ட்ரோல். அதே அளவு வெறும் தண்ணீர், அதே நேரம், அதே வெயில், அதே மண். 1747இல் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி (ஈறு வீங்கி ரத்தம் கசியும் நோய்) வந்த 12 பேரைக் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆறு ஜோடியாகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே சாப்பாடு. ஜோடிக்கு ஜோடி மாறியது மருந்து மட்டும். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் தயாரானார், மற்றவரும் நன்றாகத் தேறினார். அந்த ஜோடிக்கு மட்டும் நல்ல கறிச்சோறும் போட்டிருந்தால், தேற்றியது பழமா சோறா என்று யாரால் சொல்ல முடியும்?

மறு வருடம் பன்னிரண்டு வரிசை வைத்தேன். நான்கு வரிசைக்குப் பஞ்சகவ்யக் கரைசல், நான்குக்கு அதே அளவு வெறும் தண்ணீர், நான்குக்கு ஒன்றுமில்லை. எது எந்த வரிசை என்பதை நான் முடிவு செய்யவில்லை. சீட்டு எழுதி மஞ்சப் பையில் போட்டு வீட்டுக்காரியை எடுக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் மடை ஓரத்து நல்ல வரிசையெல்லாம் எனக்குப் பிடித்த கரைசலுக்கே போய்ச் சேரும். கை தானாக அந்தப் பக்கம் போகும். குச்சியில் எண் மட்டும்தான். காய் எடை போட்டவருக்கு எந்த எண்ணுக்கு எதை ஊற்றினேன் என்று தெரியாது. கடைசியில் பஞ்சகவ்ய வரிசைகளும் வெறும் தண்ணீர் வரிசைகளும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. ஒன்றும் ஊற்றாதவை மட்டும் பின்தங்கின. இதை வைத்துப் பஞ்சகவ்யம் வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. என் மண்ணில், அந்தப் பங்குனியில், அந்த அளவில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மச்சினன் இப்போதும் வந்தால் திண்ணையில் உட்காரும் முன்பே கேட்பான்: "என்ன மாமா, இந்த வருசம் என்ன ஆராய்ச்சி?"

கருதுகோளைக் கடைசியில் எழுதுவது

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு என்பது பாடப்புத்தகத்து விஷயம் இல்லை, பல்லில் தெரியும் கறை. பையன்கள் சிலர் போர் தண்ணியை எடுத்தார்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு குறையும் என்பது கருதுகோள், அதாவது சோதனைக்கு முன்பே எழுதும் ஊகம். இரண்டு லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்டவைத்து, நிறம் பார்க்கும் கிட்டில் சோதித்தார்கள். நிறம் அதிகப் பக்கம் போயிருந்தது. போகத்தானே செய்யும்? ஆவியாவது தண்ணீர், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

நோட்டு என்னிடம் வந்தபோது "கொதிக்கவைத்தால் கூடும்" என்று இருந்தது. ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து மறுபக்கம் தெரிந்தது. கொதித்த தண்ணி எல்லாவற்றுக்கும் நல்லது என்று நம்பும் ஊரில், அந்தப் பழைய கருதுகோள் பொய்த்ததுதான் அவர்கள் கண்டுபிடித்ததிலேயே பெரிய விஷயம். லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் நம் நாட்டுத் தரம்; வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. சுண்டவைக்கிற வீடு அந்தக் கோட்டைத் தாண்டக்கூடும். அதைப் போய் அழித்துவிட்டார்கள். கருதுகோளைப் பேனாவில் எழுதி, தேதி போட்டு, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே வாத்தியாரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஒத்துவராத அளவு

அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு, காரணம் எழுதி, படிக்கிற மாதிரி விடுங்கள்.

படிகளை ஏணி என்று நினைப்பது

உற்றுநோக்கல், கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு என்று அம்புக்குறி போட்ட சார்ட் எல்லாப் பள்ளிச் சுவரிலும் தொங்குகிறது. அம்பு எல்லாம் கீழ்நோக்கியே போகும். என் வாளி என்னைச் சோதனையிலிருந்து திரும்பக் கேள்விக்கே துரத்தியது: செடிக்குத் தேவைப்பட்டது சத்தா, தண்ணியா? சார்ட்டில் அந்த அம்பு இல்லை. பென்சிலால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"நிரூபிக்கப்பட்டது"

இந்தச் சொல் வேண்டாம்.

ஒரே செடி

செடி என்றால் சாகும், ஆடு மேயும். பத்துச் செடியாவது வையுங்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது முப்பது தொட்டி வைத்திருக்கிறார்கள், பாதி பழைய பெயின்ட் டப்பா. கரைசலுக்குப் பத்து, வெறும் தண்ணீருக்குப் பத்து, இன்னொரு பத்து சும்மா. தினமும் காலையில் இடம் மாற்றி வைக்கிறார்கள். நேற்றைய நிலவரப்படி வெறும் தண்ணீர் அரை சென்டிமீட்டர் முன்னால். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சார், இதையும் எழுதணுமா?" என்று கேட்டார்கள். பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.