சேலத்து வெயிலில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் கூலிங்: முதலில் அறையை அளந்துகொள்ளுங்கள்

கார்த்திகை, மார்கழியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கிராஃபிக்ஸ் கார்டு, சித்திரை பிறந்ததும் திருமண வீடியோ ஒன்றை ரெண்டர் செய்யும்போதே 83 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதை, சேலத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை வைத்திருக்கும் பலரும் கண்டிருப்பார்கள். வாட்டர் கூலிங் போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. ஆனால் நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. கார்டிலிருந்து எடுத்துச் சென்று, ரேடியேட்டர் எனும் தகட்டு அடுக்கின் வழியாக அதே அறையில்தான் கொட்டுகிறது. அறை 38 டிகிரியில் இருந்தால் நீர் ஒருபோதும் 38-க்குக் கீழே இறங்காது. ஆகவே, கார்டின் வெப்பத்தைப் பார்ப்பதற்கு முன், பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் அறையின் வெப்பம் எவ்வளவு என்பதை ஒரு சாதாரண வெப்பமானி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

அடுத்து, கார்டு எத்தனை வாட் இழுக்கிறது என்பதைப் பாருங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட், ஆர்டிஎக்ஸ் 4070 இழுப்பது 200 வாட். இவற்றுக்கு வாட்டர் கூலிங் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஃபேன்களிலும், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கிலும் அடைந்திருக்கும் தூசியை ஊதி எடுத்து, கேபினெட்டின் முன்புறம் காற்று தடையின்றி நுழைய வழி செய்து, ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பை, 80 விழுக்காட்டுக்கு இறக்கினாலே போதும். வேகத்தில் இழப்பது சிறிதளவுதான். 320 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4080, 450 வாட் இழுக்கும் 4090, 575 வாட் இழுக்கும் 5090 ஆகியவற்றை நாள் முழுக்க ஓட்டுவோருக்கும், ஃபேன் இரைச்சல் கேட்கும் அறையில் குரல் பதிவு செய்வோருக்கும்தான் வாட்டர் கூலிங்குக்குச் செலவிடுவதில் பொருள் இருக்கிறது.

வாட்டர் கூலிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் கார்டை வாங்குவது எளிய வழி. எம்எஸ்ஐயின் 4090 சுப்ரிம் லிக்விட் எக்ஸ் 240 மி.மீ. ரேடியேட்டரோடு வந்தது. இவ்வகையில் கார்டைப் பிரிக்க வேண்டியதில்லை, வாரன்டிக்கும் சிக்கல் இல்லை. ஆனால் பெரும்பாலும் நீரை மாற்ற வழி இருக்காது. பம்ப் பழுதானால் கார்டு முழுவதையுமே அனுப்பியாக வேண்டும். சிபியுவுக்கென்று நீர் அடைத்து மூடியே விற்கப்படும் கூலரைத் தனிப் பிராக்கெட் வைத்துக் கார்டில் பொருத்துவோரும் உண்டு. அதில் நடுச்சிப்பு மட்டுமே குளிரும், நினைவகச் சிப்புகளுக்கும் மின்சுற்றுகளுக்கும் காற்றுதான் கதி என்பதால், எங்கள் ஊர்க் கோடைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. எஞ்சியிருப்பது, பம்ப், நீர்த்தொட்டி, ரேடியேட்டர், கார்டின் மேல் அமரும் வாட்டர் பிளாக் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிக் குழாயால் நாமே இணைக்கும் கஸ்டம் லூப்.

கஸ்டம் லூப்பில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ரேடியேட்டரின் அளவு. குளிர்ந்த நாட்டுக்காரர்கள் ரேடியேட்டரின் 120 மி.மீ. நீளத்துக்கு 150 வாட் என்றுகூடக் கணக்கிடுவார்கள். சேலத்தில் நான் ஏறக்குறைய 100 வாட் என்றே கணக்கிடுகிறேன். அந்தக் கணக்குப்படி 320 வாட் கார்டுக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றும், 450 வாட் கார்டுக்கு 240 மி.மீ. ரேடியேட்டர்கள் இரண்டும் வேண்டும். சிபியுவும் அதே லூப்பில் சேர்ந்தால் அதன் வாட்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தாராளத்துக்குக் காரணம் உண்டு. போதுமான ரேடியேட்டர் இருந்தால் நீர் அறையைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாக நிற்கும். 38 டிகிரி அறையில் அது ஏறக்குறைய 50. ரேடியேட்டரைச் சுருக்கிப் பணத்தை மிச்சம் பிடித்தால் அதே நீர் 60-ஐ நெருங்கும். பரவலாகப் பயன்படும் டி5 வகைப் பம்புகளுக்கு 60 டிகிரிதான் வரம்பு. பெட்ஜி எனும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்களும் அந்த வெப்பத்தில் அவற்றை இணைக்கும் ஃபிட்டிங் இருக்கும் இடத்தில் இளகத் தொடங்கும். பார்வைக்கு அழகு வேண்டுமென்றால் அக்ரிலிக் குழாய் எடுங்கள். நிம்மதி வேண்டுமென்றால் ஈபிடிஎம் ரப்பர் குழாய் எடுங்கள். நான் ரப்பர் கட்சி.

வாட்டர் பிளாக்கை வாங்கும்போது கார்டின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே 4080 என்றாலும், நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல், சர்க்யூட் போர்டின் அமைப்பு மாறும். உங்கள் மாடலின் முழுப் பெயரை பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் கண்டுபிடித்த பிறகே பணம் கட்டுங்கள். வெளியூரிலிருந்து கூரியரில் வரவழைத்த பிளாக்கைத் திருப்பி அனுப்புவது எளிதன்று. பழைய 3090 வாங்கியிருப்போருக்குக் கூடுதலாக ஒன்று: அந்தக் கார்டில் நினைவகச் சிப்புகளில் பாதி போர்டின் பின்புறம் இருக்கின்றன. முன்பக்கம் மட்டும் குளிரூட்டும் பிளாக் அவற்றைத் தொடவே தொடாது என்பதால், பின்தகட்டுக்கும் வெப்பம் கடத்தும் மெத்தையான தெர்மல் பேட் வைத்து ஒரு ஃபேனாவது காற்று வீசும்படி அமைக்க வேண்டும்.

நான் முதலில் கட்டிய லூப்பில் மலிவாகக் கிடைத்தது என்று அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைச் செம்பு பிளாக்கோடு சேர்த்து, வீட்டில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றினேன். சில மாதங்களில் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்கள் வெண்சாம்பல் நிறக் கசடால் அடைபட்டுப் போயின. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். இது கடையில் யாரும் சொல்லாத செய்தி. ரேடியேட்டரும் பிளாக்கும் செம்பு, பித்தளை, நிக்கல் முலாம் என்ற குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். காவிரித் தண்ணீரோ, போர் தண்ணீரோ, ஆர்ஓ தண்ணீரோ வேண்டாம். அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்த கூலன்ட்டையோ, அம்மருந்து சேர்த்த காய்ச்சி வடித்த நீரையோ மட்டும் ஊற்றுங்கள்.

ஏற்காட்டில் ஸ்டுடியோ வைத்திருப்போர், பனிமூட்டத்தில் குழாய் மேல் நீர் கோத்துக் கார்டு கெட்டுவிடுமோ என்று கேட்பதுண்டு. அந்த அச்சம் தேவையற்றது. அறையைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் நீர் கோக்கும். லூப்போ எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்று சற்று மெலிந்திருந்தாலும், அதன் குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிடும். சொல்லப்போனால் அங்கே பலருக்குக் கார்டோடு வந்த ஃபேன்களே போதும்.

பொருத்தும்போது நீர்த்தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். மூடிய கூலராயின் பம்ப் லூப்பின் உச்சியில் வரக் கூடாது, வந்தால் காற்றுக்குமிழ் சிக்கிப் பம்ப் தேயும். பிளாக்கின் திருகுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். நீர் நிரப்பிய பின் கணினியை இயக்காமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ தாள் விரித்து, ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். இடையில் கரண்ட் போய் வந்தாலும் பரவாயில்லை. தாள் எல்லாம் உலர்ந்திருந்தால் மறுநாள் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கலாம். ஒரு தாளில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் நீரை வடித்துவிட்டு அந்த ஃபிட்டிங்கின் கசிவு தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்கள்.