ஓட்டத்தில் நின்றுபோகும் பைக் இன்ஜின்: காரணத்தைத் தேடும் முறை

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டு, சற்று நேரம் கழித்து எதுவும் நடக்காதது போல் கிளம்பிவிடும் இன்ஜினில் பெரிய சிக்கல் என்னவென்றால், பட்டறையில் அது ஒழுங்காகவே ஓடும். அதனால்தான் பிளக், காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் வந்தது. பணம் கரையுமே தவிர, பழுது பெரும்பாலும் அப்படியே இருக்கும். இன்ஜின் நின்ற அடுத்த சில நிமிடங்களில் கிடைக்கும் தடயங்கள், ஆறிய பிறகு கிடைப்பதில்லை. ஆகவே கிளட்சைப் பிடித்து வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டியதும், மீண்டும் ஸ்டார்ட் செய்ய அவசரப்படாமல் சோதனையைத் தொடங்க வேண்டும்.

முதலில், அது எப்படி நின்றது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தது போல் ஒரே நொடியில் நின்றிருந்தால் மின்சுற்றையும், இழுவை குறைந்து திணறித் திணறி நின்றிருந்தால் பெட்ரோல் வரும் வழியையும் முதலில் சந்தேகிக்கலாம். மீட்டர் விளக்குகளும் சேர்ந்து அணைந்திருந்தால் பேட்டரி முனைகள், மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச் ஆகிய மூன்றுக்குள் தேடினால் பெரும்பாலும் போதும்.

திணறி நின்ற வண்டியில் முதல் வேலை, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறப்பது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியிலுள்ள நுண்துளை அடைத்திருந்தால் டேங்கினுள் வெற்றிடம் உருவாகி, சில கிலோமீட்டர் ஓடியபின் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். சற்று நேரம் நிறுத்தினால் காற்று மெல்லக் கசிந்து புகுந்து வண்டி மறுபடி கிளம்பும். திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆனால், மூடியைச் சுத்தம் செய்வதோடு வேலை முடியலாம். வெயிலில் நின்ற டேங்கிலிருந்து காற்று வெளியே சீறுவது வேறு; அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூடியில் குறையில்லை என்றால், இன்ஜின் ஆறிய பிறகு கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். துருத்துகள் தெரிந்தால் டேங்கையும் பெட்ரோல் டேப்பின் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாவியைப் போட்டதும் பம்ப் இரண்டு மூன்று நொடி ரீங்கரிக்கும். நின்ற நேரத்தில் அந்த ஒலி கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ், கில் சுவிட்ச் (ஹேண்டில்பாரில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) ஆகியவற்றைப் பார்க்கலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே பிழைக் குறியீட்டைப் படித்துவிடுவது நல்லது.

சட்டென்று நின்ற வண்டிக்கு ஸ்பார்க் (பிளக்கின் தீப்பொறி) சோதனை வேண்டும். சூடான இன்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றினால் அலுமினிய மரை கெடக்கூடும் என்பதால், உபரியாக ஒரு பிளக்கைக் கையோடு வைத்திருப்பது உத்தமம். அதைப் பிளக் கேப்பில் செருகி, அதன் உலோக உடல் இன்ஜினின் வெறும் உலோகத்தைத் தொடும்படி வைத்து, பெட்ரோல் சிந்தாத இடத்தில் ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். இயக்கும்போது பிளக்கை வெறுங்கையால் தொடக் கூடாது. சூட்டில் ஸ்பார்க் வராமல், ஆறியதும் வந்தால், இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) அல்லது பல்சர் காயிலின் (ஸ்பார்க் வர வேண்டிய நேரத்தை உணர்த்தும் காயில்) உள்சுற்றில் சூடானதும் தொடர்பு அறுகிறது என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. மல்டிமீட்டரில் அவற்றின் மின்தடையைச் சூட்டில் ஒருமுறையும் ஆறியபின் ஒருமுறையும் அளந்து சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடலாம். குளிரில் மட்டும் அளந்தால் பழுதான காயிலும் நல்லதாகவே தெரியலாம்.

ஸ்பார்க் வெப்பத்தைப் பொருட்படுத்தாமல் வந்து வந்து போனால், வயரிங்கில்தான் பழுது இருக்கக்கூடும். நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பியும், சாவியை லேசாக அசைத்தும் பாருங்கள். ஹேண்டில்பார் கழுத்தருகே ஒயர்கள் ஓயாமல் வளைவதால், மேலுறை நன்றாக இருந்தாலும் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம். மேடுபள்ளத்தில் மட்டும் நிற்கும் வண்டியில் சைடு ஸ்டாண்டு சுவிட்ச்சைக் கவனிக்க வேண்டும். நியூட்ரலில் பல வண்டிகள் அந்தச் சுவிட்ச்சைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கிளட்சைப் பிடித்தபடி கியர் போட்டு, இன்னொருவரைச் சைடு ஸ்டாண்டை அசைக்கச் சொல்லிப் பார்ப்பதே சரியான சோதனை. அந்தச் சுவிட்ச்சை நிரந்தரமாக இணைத்துவிட்டு ஓட்டுவது ஆபத்து. பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டும், மிதமான வேகத்தில் இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும்.

த்ராட்டிலை விட்டதும் மட்டும் நின்றுபோகும் வண்டி வேறு வகை. ஐடில் வேகம் (த்ராட்டிலைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகம்), த்ராட்டில் பாடியில் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதி) படிந்த கரி, இன்ஜினுக்குள் காற்று போகும் வழியிலுள்ள இன்டேக் ரப்பரின் வெடிப்பு, இறுகிய வால்வு இடைவெளி ஆகியவை அங்கே சந்தேகத்துக்குரியவை. வால்வு இடைவெளியை இன்ஜின் முழுமையாக ஆறிய நிலையில்தான் அளக்க வேண்டும்.

எதைச் சரிசெய்தாலும், பழுது முன்பு தோன்றிய அதே சூட்டிலும் அதே பெட்ரோல் அளவிலும் ஓட்டிச் சோதியுங்கள். நாற்பது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு நின்ற வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.