புறநகர் ஃபிளாட்: சாவி வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் தெருக்கோடியில் புதிதாக ஓர் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. ஐம்பது சொச்சம் வீடுகள். போன வாரம் அங்கே குடிவந்த இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். "சார், நீங்க இந்த பில்டிங்ல பழைய செகரட்டரின்னு வாட்ச்மேன் சொன்னார். வர்ற ஞாயித்துக்கிழமை பில்டர் எங்க அசோசியேஷன்கிட்ட எல்லாத்தையும் ஒப்படைக்கிறார். சின்னதா ஒரு ஃபங்ஷன், அவசியம் வரணும்" என்று ஓர் அட்டையை நீட்டினார்கள். அதில் கேக் வெட்டும் நேரம்கூட அச்சாகியிருந்தது.

"எதையெல்லாம் ஒப்படைக்கிறார்? பட்டியல் இருக்கா?" என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

2017 பொங்கலுக்கு மறுவாரம் நானும் அப்படித்தான் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இந்த இடம் பிடிக்கும். சென்னை மாம்பலத்தில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைதான் தெரியும். இங்கே புறநகர் ஊரப்பாக்கத்தில் மொட்டைமாடிக்குப் போனால் வண்டலூர்ப் பக்கம் பச்சையாகத் தெரிகிறது. மின்சார ரயில் இருக்கிறது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு ஊருக்குப் போக கோயம்பேடு வரை மூட்டை தூக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஸ்டில்ட்டில் (தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளத்தில்) பத்துப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். என் மனைவிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மூச்சுத்திணறல் வந்தபோது கார் எடுத்தவர் மூன்றாம் மாடிக்காரர். அன்றுவரை அவரிடம் பார்க்கிங்குக்காக மட்டும்தான் பேசியிருந்தேன்.

ஆனால் நகரத்துக்குள் ஃபிளாட் வாங்குவதும் இங்கே வாங்குவதும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே வீட்டோடு ஒரு குட்டிப் பஞ்சாயத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள். மெட்ரோ வாட்டர் கிடையாது, பாதாளச் சாக்கடை கிடையாது. தண்ணீரைத் தேடுவதும் கழிவைச் சுத்தம் செய்வதும் உங்கள் வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்ப்பது

ஞாயிறு காலையில் சென்னைக்குப் போகும் ஜிஎஸ்டி சாலை தேவலோகம் மாதிரி இருக்கும். திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் பெருங்களத்தூரைத் தாண்டிப் பாருங்கள், அப்புறம் முன்பணம் கொடுக்கலாம்.

சாலையை விட முக்கியம் மாதம். ஏப்ரலில் பார்த்துப் பிடித்துப்போன இடத்தை நவம்பரில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் "2015 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார். முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்கு அந்த டிசம்பர் மறக்காது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் கேட்டால் 2023 மிக்ஜாம் புயல் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள்.

"நான் நாலாவது மாடி, எனக்கென்ன?" என்பார்கள். சம்ப் மோட்டார், இபி பலகை, லிஃப்ட் குழி, ஜெனரேட்டர் எல்லாம் தரையில்தான் இருக்கின்றன. அவை முழுகினால் நாலாவது மாடி ஒரு தீவு. தண்ணீர் ஏறாது, லிஃப்ட் ஓடாது, குழந்தைக்குப் பால் வாங்க இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். இபி பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். சமையலறையில் மாட்யுலர் அலமாரி எவ்வளவு பளபளப்பு என்று பிறகு பார்க்கலாம்.

கார் பார்க்கிங்

உங்கள் காரை ஓட்டி வந்து, நிறுத்தி, கதவைத் திறந்து, இறங்கிப் பாருங்கள். வரைபடத்தில் எல்லாக் காரும் நிற்கும்.

மேல் மாடி

மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்குப் போய்க் கூரையைத் தொட்டுப் பாருங்கள்.

"நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்"

இனிதான் விஷயம். எத்தனை வருஷம் ஆனாலும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பில்டர் மேல் பாதி கோபம், என் மேல் பாதி.

எங்கள் கட்டடத்தில் 64 வீடுகள். 2016 அக்டோபரில் சாவி கொடுத்தார்கள். டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. இந்தப் பக்கம் கம்பமெல்லாம் சாய்ந்து நாலு நாள் மின்சாரம் இல்லை. அப்போது பில்டரின் மேனேஜர் எங்கிருந்தோ டீசல் பிடித்து வந்து தினமும் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டித் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார். நாங்கள் உருகிப்போனோம். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பில்டரா!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்த உருக்கம் காய்வதற்குள் ஒரு மாதத்தில் ஒப்படைப்புக் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம். கடைசியில் "பொதுப் பகுதிகள், இயந்திரங்கள் அனைத்தையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி. செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். மைசூர்பாகு கொடுத்தார்கள். குரூப் போட்டோவில் நான்தான் நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

முதலில் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். ஒப்படைப்பு அன்று தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் 'கும்' என்று ஓடியது. அதைப் பார்த்துத் தலையாட்டினோம். ப்ளோயர் ஓடுவது பெரிய விஷயமே இல்லை. கழிவைத் தின்பவை தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நாள் முழுக்கக் காற்று வேண்டும், தின்பதற்குப் போதுமான கழிவும் வேண்டும். 64 வீட்டில் இருபதில்தான் ஆள் இருந்தார்கள். ஆகவே பில்டர் அதை ஓட்டவே இல்லை. கழிவுநீர் லாரியை ராத்திரியில் வரவழைத்து உறிஞ்சி அனுப்பிக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். நல்ல எஸ்டிபி-யின் காற்றுத் தொட்டி பாலில் டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலாக விட்ட நிறத்தில் இருக்கும், வாசனை ஈரமண் மாதிரி. எங்களுடையது தார் மாதிரி கறுப்பாக இருந்தது. கறுப்பு என்றால் செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வேட்டியில் அழுக்குப் படும் என்று யாரும் குனியவில்லை. மறுபடி உயிர்ப்பிக்க ஆறு வாரமும் கணிசமான பணமும் ஆனது.

அடுத்தது பணம். வாங்கும்போது கார்பஸ் (கட்டடத்தின் பெரிய செலவுகளுக்கான வைப்புநிதி) என்று சதுர அடிக்கு 40 ரூபாய் எல்லோரிடமும் வாங்கினார்கள். சுமார் 60,000 சதுர அடி, ஆக 24 லட்சம். எங்கள் கணக்குக்கு வந்தது 9 லட்சம். மீதி "இதுவரை பராமரிப்புக்குச் செலவு" என்று ஒரே வரி, பில் இல்லை. பராமரிப்புக்குத் தனியாக ஒரு வருஷ முன்பணமும் கொடுத்திருந்தோமே என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மூன்றாவதுதான் உச்சம். 2019 கோடை. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டுகிடந்த வருஷம். எங்கள் மூன்று போர்வெல்லில் இரண்டு ஜூனில் காற்றைக் கக்கின. ஆளுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நாலு பேர் என்றால் 64 வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 35,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று. 1,800 ரூபாய்க்கு வந்த லாரி 4,000 ஆனது, அதற்கும் வரிசை. அப்போதுதான் ஒருவர் கேட்டார்: "நம்மகிட்ட மழைநீர்க் குழி எட்டு இருக்கே, அதெல்லாம் என்ன ஆச்சு?"

வரைபடத்தில் எட்டு. தரையிலும் எட்டு இருந்தன: வட்ட வட்டமாக சிமென்ட் மூடி, மேலே நீலப் பெயின்ட்டில் எண்கூட எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அனுமதி வாங்க அது இருந்தே ஆக வேண்டும். ஒரு கடப்பாரை வாங்கி வந்து ஒவ்வொரு மூடியாக நெம்பினோம். முதல் மூன்றிலும் உறை இருந்தது, ஜல்லி இருந்தது, சரி. நான்காவது மூடிக்குக் கீழே மண். குழியே இல்லை, கெட்டியான மண் மேல் மூடியை வைத்துப் பூசியிருந்தார்கள். ஐந்தாவதின் கீழே உடைந்த டைல்ஸும் காலி சிமென்ட் சாக்கும். ஆறு, ஏழு, எட்டு எல்லாம் அதே கதை. எட்டாவதை நெம்பிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். எங்கள் மொட்டைமாடி சுமார் 16,000 சதுர அடி. 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர், கட்டடத்துக்கே நாலு நாள் தண்ணீர். மூன்று குழி கொள்ளாத மிச்சமெல்லாம் மூன்று பருவமழையாகத் தெருவுக்கு ஓடியிருக்கிறது.

வக்கீலிடம் போனோம். ஒப்படைப்புக் கடிதத்தை முழுசாகக்கூடப் படிக்கவில்லை. அந்த ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, "இதை யார் எழுதினது?" என்றார். பில்டர்தான் என்றோம். "கீழே யார் கையெழுத்து?" என்றார்.

எங்களுக்கு ரெரா, அதாவது வீடு வாங்குகிறவர்களைக் காக்கும் ரியல் எஸ்டேட் சட்டம், இல்லை. அது நடைமுறைக்கு வரும் முன்பே கட்டடம் முடிந்துவிட்டது. இப்போது வாங்குகிறவர்களுக்கு அந்தச் சட்டம் இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் எழுதிக் கொடுத்த 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வரைபடங்களையும் ஆவணங்களையும் அசோசியேஷனிடம் கொடுத்தாக வேண்டும். அசோசியேஷன் பொறுப்பேற்கும்வரை அத்தியாவசிய வசதிகளைப் பராமரிப்பதும் அவர் கடமை. ஆகவே அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. சட்டம் இருந்தும் மைசூர்பாகைப் பார்த்ததும் பேனாவை எடுக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேட்க வேண்டியவை: நிறைவுச் சான்று, லிஃப்ட் உரிமம், தீயணைப்பு ஏற்பாடுகளின் சான்று, குழாயும் ஒயரும் உண்மையில் எப்படிப் போகின்றன என்ற வரைபடம், கார்பஸ் கணக்கு பில்லோடு, ஒவ்வொரு போரின் ஆழம். பொது மின் இணைப்பு கட்டுமானத்துக்கு எடுத்த தற்காலிக இணைப்பாகவே ஓடுகிறதா என்றும் பாருங்கள், கட்டணம் எகிறும். போரை மே மாதம் தொடர்ந்து ஓடவிட்டு, ஆயிரம் லிட்டர் நிரம்ப எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பிடியுங்கள். ஜனவரியில் எந்தப் போரும் பொங்கும். கடிதத்தை நீங்கள் எழுதுங்கள். "பெற்றுக்கொண்டோம்" என்பதோடு நிறுத்தி, குறைகளின் பட்டியலை இணைப்பாக வையுங்கள்.

மெயின்டனன்ஸ் குறைவு என்று பெருமைப்படுவது

சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய்தான் என்று ஒருவர் மார்தட்டினால் அந்தக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேளுங்கள். 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு யூனிட் 8 ரூபாய் என்று வந்தபோது இப்படிப்பட்ட அசோசியேஷன்கள்தான் முதலில் திண்டாடின. மறு வருஷம் 5.50 ஆகக் குறைத்தது 10 வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும்.

யுடிஎஸ்

கட்டடம் வருஷத்துக்கு வருஷம் கிழடாகும், மண்தான் விலை ஏறும். பத்திரத்தில் உங்கள் பெயரில் இருக்கும் நிலத்தின் பிரிபடாத பங்கு (யுடிஎஸ்) எத்தனை சதுர அடி என்பதைப் பால்கனி அளவுக்கு முன்னால் கேளுங்கள். பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம். அந்த நாள் வரும்போது பேசப்படுவது இந்த எண்தான்.

வாட்ஸ்அப் குழு

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எதுவும் எழுதாதீர்கள்.

நேற்று அந்த இருவரில் ஒருவர் மறுபடி வந்தார். ஃபங்ஷனைத் தள்ளிவைத்துவிட்டார்களாம், பில்டர் தரப்பில் கொஞ்சம் வருத்தமாம். கேக் ஆர்டரை ரத்து செய்ய முடியவில்லையாம், பிள்ளைகள் வெட்டிக்கொள்வார்கள் என்றார். கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்று, "சார், வரைபடத்துல எங்களுக்கு ஆறு குழி போட்டிருக்கு. அந்தக் கடப்பாரை இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

மோட்டார் ரூமில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் நெம்பும்.