எத்தனை மீட்டர் என்று கேட்டு ஃப்ரீடைவிங் பள்ளியில் சேராதீர்கள்

ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கி ஏற ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எங்கே சேர்ந்தால் 20 மீட்டர் இறங்கலாம்?" என்பதுதான். நானும் அப்படிக் கேட்டுத்தான் சேர்ந்தேன். இரண்டாம் நாளே 18 மீட்டர். வழியில் காது வலித்தது. மேலே வந்து சொன்னேன். "மூக்கைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊதுங்க, காது திறந்துடும்" என்றார் பயிற்சியாளர். ஊதினேன். அடுத்த மூன்று வாரம் இடது காது அடைத்தே கிடந்தது.

காதுதான் முதல் பரீட்சை. பல பள்ளிகள் அவசரப்படுவதும் இங்கேதான். நீர்மட்டத்தில் இருக்கும் அழுத்தம் 10 மீட்டரில் இரண்டு மடங்காகிவிடும். காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். அதை ஈடுகட்ட இறங்க இறங்கக் காதுக்குக் காற்று அனுப்ப வேண்டும். அடுத்த மடங்குக்கு 30 மீட்டர் போக வேண்டும். அதாவது செவிப்பறைக்குச் சிரமமான பகுதி ஆழத்தில் இல்லை, முதல் 10 மீட்டரில்தான் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலிருந்து ஊதும் வால்சால்வா முறை தலைகீழாக இறங்கும்போது சீக்கிரமே கைவிட்டுவிடும். தேவைப்படுவது ஃப்ரென்சல்: தொண்டையை மூடி, நாக்கைப் பிஸ்டன் போல் பின்னுக்குத் தள்ளி, வாயில் இருக்கும் காற்றை மட்டும் காதுக்கு அனுப்புவது. இதைத் தரையிலேயே பழகலாம். மூக்கைப் பிடித்து, மூச்சு விடாமல் "க்" என்று அழுத்திப் பாருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். வயிறு அசைந்தால் அது இன்னும் வால்சால்வாதான். நல்ல பயிற்சியாளர் உங்களை நாற்காலியில் உட்கார வைத்து இதற்கே ஒரு மணி நேரம் செலவழிப்பார். வலிக்கிறது என்று கை காட்டினால் அந்த இறக்கம் அங்கேயே முடிந்தது. அதில் பேரமே கிடையாது.

அடுத்தது மூச்சு. இறங்குவதற்கு முன் வேகமாக, ஆழமாகப் பத்துப் பதினைந்து முறை மூச்சு இழுத்துவிடச் சொல்லும் ஆளிடம் ஒரு நாள்கூட நிற்காதீர்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அப்படி இழுப்பதால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு முட்டுகிறது என்று மூளைக்குச் சொல்லும் மணி அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினால் சுகமாகத்தான் இருக்கும், மயங்கும் வினாடி வரை. விரல் நுனி மரமரப்பதும் உதடு கூசுவதும் தலை கிறுகிறுப்பதும் மூச்சை அளவுக்கு மீறி இழுத்ததற்கான அடையாளம்.

மயக்கம் அடியில் வரும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் சட்டென்று விழும். அதனால் கடைசிச் சில மீட்டர்களில், அல்லது தலை வெளியே வந்த பிறகு வரும். ஒரு முறை மிதவையைப் பிடித்துக்கொண்டு நண்பருக்குக் காவலாக இருந்தேன். மேலே வந்தார், சிரித்தார், விரலை வளைத்து "ஓகே" காட்டினார். பக்கத்தில் இருந்தவர் சரி என்று மாஸ்க்கைத் துடைக்கத் திரும்பிவிட்டார். நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழோ எட்டோ எண்ணும்போது நண்பரின் உதடு நீலம் பாய்ந்தது, முகவாய் தண்ணீரில் சாய்ந்தது. தாங்கிப் பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கண்ணுக்குக் கீழே ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு இழுப்பு இழுத்துக் கண் திறந்தார். மேலே வந்த பிறகும் 30 வினாடி கண்ணை எடுக்கக் கூடாது என்பதை எனக்கு மனப்பாடமாக ஏற்றியது என் இரண்டாவது பள்ளி. முதல் பள்ளியில் மீட்புப் பயிற்சியைக் கடைசி நாள் மாலையில், ஆளுக்கு ஒரு தடவை, படம் எடுப்பதற்காகச் செய்தோம்.

ஆகவே சேர்வதற்கு முன் கேளுங்கள்: மீட்பு எந்த நாள், எத்தனை முறை? திறந்த கடலில் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் எனக்குச் சம்மதமில்லை. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? ஆழத்துக்குப் போகிறவரைக் கயிற்றோடு இணைக்கும் லேன்யார்டு உண்டா? எடைப் பட்டை மாட்டிய பிறகு, மூச்சை வெளியே விட்டாலும் நீர்மட்டத்தில் மிதக்கிறீர்களா என்று பார்க்கிறார்களா? உடல்நலப் படிவத்தைப் படித்துப் பார்க்கிறார்களா, இல்லை கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களா?

ஐடா, எஸ்எஸ்ஐ, பாடி (PADI), மோல்சனோவ்ஸ் என்று சான்றிதழ் தரும் அமைப்பு ஒன்றின் பலகை சுவரில் இருந்தால் பாடத்திட்டம் ஒழுங்காக இருக்கும் என்று அர்த்தம். தண்ணீரில் உங்களோடு இருக்கப்போகிற ஆளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அவருடைய தகுதி நடப்பில் இருக்கிறதா என்று அந்த அமைப்பிடமே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இருமலில் ரத்தம். ஆழத்தில் நுரையீரல் நெருக்குண்டு காயப்படுவதைத்தான் ஸ்க்வீஸ் என்பார்கள். "கொஞ்சம்தானே, நாளைக்குச் சரியாகிடும்" என்று அதைச் சாதாரணமாக்கும் பள்ளியில் மாணவர்கள் எச்சிலை மறைத்துத் துப்பப் பழகிவிடுவார்கள். 2013 நவம்பரில் பஹாமாஸில் நடந்த போட்டியில் 72 மீட்டருக்கு முயன்று நிக்கலஸ் மெவோலி இறந்ததற்கு நுரையீரல் காயம்தான் காரணம். ரத்தம் தெரிந்தால் அன்றோடு நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

பயிற்சியாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவரையும் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உலக சாதனைகளைக் குவித்த நதாலியா மோல்சனோவா 2015 ஆகஸ்டில் ஸ்பெயினின் ஃபார்மென்டெரா அருகே காணாமல் போனது போட்டியில் அல்ல; தனிப்பட்ட முறையில் சிலருக்குச் சொல்லிக் கொடுக்கப் போன நாளில், தானும் இறங்கியபோது.

இரண்டாவது பள்ளியில் என் முதல் காலை லேசான ஜலதோஷத்தோடு போனேன். பயிற்சியாளர் என் குரலைக் கேட்டதுமே, "இன்னைக்கு நீங்க இறங்க வேண்டாம், மிதவையில இருந்து காவல் பாருங்க. உங்க இறக்கத்தை அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்றார். கூடுதல் பணம் கேட்கவில்லை. அன்று முழுக்க மற்றவர்கள் மேலே வரும்போதெல்லாம் முப்பது வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.