கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு உமிழ்வு சினாரியோ தயாரிக்கும் முறை

ஜிடிபியின் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பின்) ஒவ்வொரு ரூபாய்க்குமான பசுங்குடில் வாயு உமிழ்வை 2005 அளவிலிருந்து 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா உறுதி தந்திருக்கிறது. 2070-க்குள் நிகர பூஜ்யம், அதாவது வெளிவிடும் அளவு உறிஞ்சப்படும் அளவுக்கு மேல் போகாத நிலை. இந்தத் தேசியக் கணக்குக்கு மாவட்ட எண்களையும், உமிழ்வு இனி எப்படிப் போகலாம் என்ற சினாரியோக்களையும் தயாரிப்பவர்களுக்கானது இது.

முதலில் அடிப்படை ஆண்டு, அதாவது மற்ற ஆண்டுகளை ஒப்பிடும் தொடக்க ஆண்டு. இது பிசகினால் பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கொரோனாவில் ஓசூர் ஆலைகள் முடங்கிய 2020-21 வேண்டாம். மழை பொய்த்த ஆண்டையும் தனியாக எடுக்காதீர்கள், மூன்றாண்டு சராசரி நல்லது. 2004-க்கு முந்தைய புள்ளிவிவரத்தில் கிருஷ்ணகிரி தருமபுரிக்குள் இருக்கும். தாலுகா வாரியாகப் பிரித்தெடுக்காமல் ஒப்பிட்டால், மாடுகள் திடீரெனக் குறைந்துவிட்டது போலத் தெரியும்.

அடுத்து துறைவாரிக் கணக்கு. ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) 2006 வழிகாட்டியின்படி நம் துணைக்கண்டத்துக் கறவை மாடு செரிமானத்தில் ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் விடுகிறது, மற்ற மாடுகள் 27 கிலோ. ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூடேற்றும் என்ற கணக்கில், மீத்தேனை 28-ஆல் பெருக்கினால் ஒரு கறவை மாட்டுக்கு 1,624 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய அறிக்கைகளில் 28-க்குப் பதில் 21 இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

பம்புசெட்தான் சிரமமானது. இலவச மின்சாரம் என்பதால் பெரும்பாலும் மீட்டர் கிடையாது. 5 எச்.பி. மோட்டாரின் 3.73 கிலோவாட் தண்டில் கிடைக்கும் திறன். மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதம்தான் தண்டுக்குப் போகிறது என்றால் கம்பியிலிருந்து இழுப்பது சுமார் 4.7 கிலோவாட். ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால் 4,700 யூனிட், கிரிட் மின்சாரம் யூனிட்டுக்கு 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு வீதம் ஏறக்குறைய 3.4 டன். ஓடும் நேரத்தை யூகிக்காமல், விவசாய ஃபீடர் (பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் தரும் பொது லைன்) ரீடிங்கோடு ஒத்துப் பாருங்கள்.

டீசல் எரிந்தால் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆனால் பங்க் விற்பனையை மட்டும் நம்ப முடியாது. கர்நாடகத்தில் விலை குறைந்தால் லாரிகள் எல்லை தாண்டி நிரப்பிக்கொள்ளும்.

இனி மூன்று சினாரியோ: இப்போதைய நிலை தொடர்ந்தால், அறிவித்த திட்டங்கள் நடந்தால், அதற்கும் மேல் முயன்றால். மக்கள்தொகை, தொழில் வளர்ச்சி, மழை அனுமானங்கள் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு இரட்டைக் கணக்கு. சோலார் பம்பு மிச்சப்படுத்தும் உமிழ்வை 2040-க்கும் 0.72-ஆல் பெருக்கக் கூடாது. அதற்குள் கிரிட் மின்சாரமே சுத்தமாகியிருக்கும். அந்தந்த ஆண்டின் கிரிட் எண்ணை முதலில் மாற்றிவிட்டு, பிறகு பம்பைக் கணக்கிடுங்கள். போச்சம்பள்ளியில் தயாராகும் மின் ஸ்கூட்டர்களுக்கும் இதே கவனம் வேண்டும்: ஆலையின் மின்சாரம் நம் கணக்கு, வண்டி ஓடுவது ஓடும் ஊரின் கணக்கு.

முடிவில் மொத்த உமிழ்வையும் ரூபாய்க்கான உமிழ்வையும் தனித்தனி வரிசையில் கொடுங்கள். இரண்டாவது குறையும்போதே முதலாவது ஏறலாம்.