வங்கி நோட்டீஸ் வந்த பிறகு செய்யக் கூடாதவை

வீட்டுக் கடன் தவணை நின்றுபோனால் வங்கி கோர்ட்டுக்குப் போகும், கேஸ் பத்து வருடம் இழுக்கும், அதற்குள் எப்படியாவது புரட்டிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2002-ல் சர்ஃபேசி சட்டம் வந்த பிறகு அந்தக் கணக்கு எடுபடாது. அடமான வீட்டை ஏலம் விட வங்கிக்கு சிவில் கோர்ட் தீர்ப்பே வேண்டாம்.

90 நாளுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக் கடன். அடுத்து 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். தபால்காரர் பதிவுத் தபாலை நீட்டும்போது "ஆள் இல்லைன்னு எழுதிடுங்க" என்று திருப்பி அனுப்புவதுதான் முதல் தவறு. வாங்காமல் நழுவுகிறார் என்று தெரிந்தால் வாசல் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களிலும் போட்டுவிடுவார்கள். ஒன்று உள்ளூர் மொழியில் இருக்கும், தெருவே படிக்கும். தபாலை வாங்கிப் பிரித்துப் பார்த்தால், கட்டிய தொகை வரவில் ஏறவில்லை, வட்டி தப்பு என்று எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணம் சொல்லி வங்கி பதில் தர வேண்டும். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து "பார்த்துக்கலாம் சார்" என்றதெல்லாம் பின்னால் எங்கும் நிற்காது.

விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. அங்கே நிஜமாகவே சாகுபடி நடக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கெடு முடிந்ததும், வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்று சொல்லும் சுவாதீன அறிவிப்பு கதவில் ஏறும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டு ஓடுவார்கள். சட்டத்தின் 34-வது பிரிவு அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறது. போக வேண்டிய இடம் கடன் வசூல் தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. அவகாசம் 45 நாள். தப்பான கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும்போதே அது கரைந்துவிடும்.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் ஏமாறுவது அடுத்த இடத்தில்தான். ஏலம் முடியும்வரை முழுப் பணத்தையும் கட்டி வீட்டை மீட்கலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே கட்டியாக வேண்டும். விளம்பரத்தில் ஏலத் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். அந்த ஒரு மாதம் வாங்க வருகிறவர்களுக்கு. பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் ஏலம் போனது 105 கோடி சொச்சத்துக்கு. கடன் வாங்கிய அந்த நிறுவனம் 129 கோடி கட்டி மீட்க பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஏலத்தில் எடுத்தவருக்கே சொத்து என்றது. கூடுதலாக 24 கோடி தருகிறேன் என்றும் நடக்கவில்லை!

இடையில் ஒரு லட்சம், இரண்டு லட்சம் கட்டினால் நடவடிக்கை தானாக நிற்கும் என்று நம்பவும் வேண்டாம். சமரசத் தொகை பேசினால் வங்கியின் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு பணம் போடுங்கள்.

ஏலத்தோடு எல்லாம் தீர்ந்தது என்பதும் இல்லை. விற்ற தொகை பத்தாவிட்டால், மீதிக்கு உங்களையும் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானையும் வங்கி தேடி வரலாம். பாக்கியும் செலவும் போக மிஞ்சினால் அது உங்கள் பணம். கணக்கு விவரம் கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.