சேலத்து நீரில் எந்தப் படகு மோட்டார்: இன்போர்டா, அவுட்போர்டா?

மோட்டார் வாங்க வருபவர்கள் முதலில் எத்தனை ஹெச்பி என்று பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் நீர்மட்டத்தைப் பாருங்கள். மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. தண்ணீர் இறங்க இறங்கப் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும் பாறைகளும் தலைகாட்டும், கரையும் தள்ளிப் போகும். எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் இன்போர்டில் புரொப்பெல்லர், அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட், சுக்கான் மூன்றும் படகின் அடியில் நிலையாக நிற்பவை. பாறையில் பலமாக ஒருமுறை இடித்தாலே ஷாஃப்ட் வளையும்; வளைந்த ஷாஃப்ட், அது படகிலிருந்து வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டைத் தேய்த்துத் தண்ணீரை உள்ளே விடும். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டை மேலே சாய்த்துவிட்டுத் துடுப்புப் போட்டுக் கரை சேரலாம். மட்டம் இப்படி ஏறி இறங்கும் இடத்தில் சிறிய படகுக்கு அவுட்போர்டுதான் சரி.

பூலாம்பட்டி நிலைமை வேறு. கதவணையில் நீர் தேங்கி நிற்கிறது. ஆட்களையும் பைக்குகளையும் ஏற்றி நெருஞ்சிப்பேட்டைக்கு ஒரே தடத்தில் நாள் முழுக்கப் போய்வர வேண்டும். அங்கே டீசல் இன்போர்டு தன் விலையை எடுத்துவிடும். 10 ஹெச்பி பெட்ரோல் அவுட்போர்டு முழு வேகத்தில் மணிக்கு 3.5 முதல் 4 லிட்டர் குடிக்கும்; அதே திறனுள்ள டீசல் எஞ்சினுக்கு 2 முதல் 2.5 லிட்டர் போதும். தினமும் ஓடாத படகுக்கு இந்தக் கணக்கு பலிக்காது.

பாரம் சுமக்கும் படகுக்கு ஹெச்பியைக் கூட்டி வேகம் வாங்க முடியாது. நீரில் படியும் நீளம் 20 அடி என்றால் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அலையாகத்தான் போகும்.

அவுட்போர்டு வாங்குமுன், அதை மாட்டும் பின்பலகையின் உயரத்தை நேர்செங்குத்தாக அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலத்துக்குக் குட்டை ஷாஃப்ட், 20 அங்குலத்துக்கு நீள ஷாஃப்ட். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்கட்டும். உயர்ந்துவிட்டால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும். எஞ்சின் அலறும், படகு நகராது. ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். அரை நிமிடத்தில் வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். நீர் இழுக்கும் வாயில் பாசியோ பாலித்தீன் பையோ ஒட்டியிருக்கும். அது சுத்தமாக இருந்தால் துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்ற வேண்டும். கியர் ஆயில் பால் நிறத்தில் இறங்கினால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்போர்டில் கஷ்டமான வேலை ஷாஃப்ட்டை நேர்ப்படுத்துவது. கரையில் வைத்துச் செய்தால் வீண். தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் சற்று நெளியும். மிதக்கவிட்டு, எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் முகங்களுக்கு நடுவே நான்கு பக்கமும், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விடுங்கள். 4 அங்குலக் கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கயிறு வைத்த கிளாண்ட் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விடட்டும். சொட்டே வராதபடி இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறிக் கீறல் விழும். ஆகாயத்தாமரை உள்ள இடத்தில் நீர் வடிகட்டியைத் தினமும் திறந்து பாருங்கள்.

ஏற்காட்டில் இன்போர்டுக்கு வேலையே இல்லை. சிறிய ஏரி, குறைந்த வேகம்; மின் மோட்டார் போதும், சத்தமும் எண்ணெயும் ஏரிக்குள் போகாது. பெட்ரோல்தான் வேண்டுமென்றால் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்கள். ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து திறன் 13 முதல் 15 சதவீதம் குறையும். முழு த்ராட்டிலிலும் ஆர்பிஎம் ஏறவில்லையென்றால் புரொப்பெல்லர் பிட்ச்சை (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரத்தை) ஓர் அங்குலம் குறையுங்கள், 150 முதல் 200 வரை ஏறும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். சில வாரம் ஓட்டாமல் வைப்பதானால் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். அப்போதும் குளிர்விக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.